பல்பு அணைந்த பிற்பகல்

கோழிக்குஞ்சு விற்கிறவரிடம் வாங்கி வந்த குண்டு பல்பு அது. குஞ்சுகளுக்குக் குளிராமல் இருக்கக் கூண்டுக்குள் தொங்கவிடுவார்களே, அதேதான். என் மகள் நாளுக்கு முந்தியே எடை குறைந்து பிறந்தபோது அவள் கட்டிலுக்கு மேலே அதைத்தான் கட்டித் தொங்கவிட்டிருந்தோம். சங்கரன்கோவிலில் ஒரு வீட்டைச் சூடாக்க வேண்டியிருந்தது என்றால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். வருஷத்தில் பாதி நாள் விசிறியும் கையுமாக அலைகிற ஊர்தான் இது. ஆனால் மார்கழியில் விடாமல் மழை கொட்டி, சுவரெல்லாம் ஈரம் ஏறி நிற்கும்போது, பிள்ளையின் விரல் நீளப் பாதத்தைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும் குளிர் என்றால் என்னவென்று.

அப்படி ஒரு மழைநாளின் பிற்பகலில் கரண்டு போய் பல்பு அணைந்தது. தெருவில் முழங்காலளவு தண்ணீர். செல்போனில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. என் கணவர் கோயம்புத்தூரில் வேலையில் இருந்தார். எனக்குப் பேறுகால மருந்துச் சாமான் வாங்குவதற்காகக் காலையில் புளியங்குடிக்குப் போன அத்தை, என் மாமியார், பஸ் ஓடாமல் அங்கேயே மாட்டிக்கொண்டார். ஆட்டோவுக்குக் குரல் கொடுக்கக்கூட தெருவில் ஆள் இல்லை. வீட்டில் நானும் பிள்ளையும். பின்கட்டுத் தறிக்கூடத்தில் மாமா, அதாவது என் மாமனார்.

மாமா அந்த வருஷம் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார். பதினெட்டாம் வருஷம். அந்த வருஷத்துக்காக ஒருவர் எத்தனை காலம் காத்திருப்பார் என்பது மலைக்குப் போகிறவர்களுக்குத் தெரியும். தை மாதம்தான் பிள்ளை பிறக்கும் என்று டாக்டர் சொன்னதை நம்பி மாலை போட்டார். பிள்ளை அவசரக்காரி, மார்கழியிலேயே வந்துவிட்டாள். பிள்ளை பிறந்த வீட்டுத் தீட்டு மாலைக்கு ஆகாது. கழட்டிவிடச் சொன்னார்கள் சிலர். மனசில்லாமல் அவர் தறிக்கூடத்துக்குக் குடிபோய்விட்டார். அங்கேயே பொங்கிச் சாப்பாடு, அங்கேயே படுக்கை. பேத்தியின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. நானும் அந்த நாட்களில் அவரை "சாமி" என்றுதான் கூப்பிட்டேன். உள்ளுக்குள் எரிச்சல்தான். பிள்ளை முகம் பார்க்காத பக்தி என்ன பக்தி என்று அத்தையிடம் முணுமுணுத்திருக்கிறேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போது நர்ஸம்மா தெளிவாகச் சொல்லி அனுப்பியிருந்தார்: "பல்ப நம்பிராத தாயி. கரண்டு போச்சுன்னா பிள்ளைய உடுப்பில்லாம நெஞ்சோட வச்சிப் போத்திக்கோ. ஒனக்கு முடியலன்னா வீட்டுல யாரு நெஞ்சா இருந்தாலும் சரிதான்." அப்படியே செய்தேன். என் கெட்ட நேரம், கொஞ்ச நேரத்தில் எனக்குக் குளிர்காய்ச்சல் தூக்கிப் போட ஆரம்பித்தது. காலையிலிருந்தே பால் கட்டிக்கொண்டு மார்பு வலித்தது. அதன் காய்ச்சல். பல் கிட்டித்து, கை கால் எல்லாம் உதறியது. பிள்ளை என் மேலிருந்து நழுவினாள். பிடித்துக்கொண்டேன். மறுபடியும் நழுவினாள்.

"சாமி" என்று பின்பக்கம் பார்த்துக் கத்தினேன். மழைக்குள் ஓடி வந்தவர் வாசல்படியோடு நின்றுவிட்டார். விஷயத்தைச் சொன்னதும் திரும்ப ஓடினார். தான் பொங்குகிற கரியடுப்பிலிருந்து எரிகிற கங்குகளை ஒரு மண்சட்டியில் அள்ளிக்கொண்டு வந்து வாசலில் வைத்தார்.

"ஏம்மா, சட்டிய உள்ள இழுத்துக்கோ. சன்னல நல்லா அடச்சிரு."

செய்தேன். அறை சூடானது. எனக்கு நிம்மதியில் அழுகை வந்தது. ஆனால் சிறிது நேரத்தில் தலை கிறுகிறுத்தது, நெற்றியில் யாரோ அடிக்கிற மாதிரி வலி. பிள்ளையின் முனகல் குறைந்துகொண்டே வந்தது. சூட்டில் தூங்குகிறாள் என்று நினைத்தேன். உதட்டைப் பார்த்தபோதுதான் உறைத்தது, நிறம் மாறியிருந்தது. அடைத்த அறைக்குள் கரியை வைத்துக்கொண்டு படுத்திருக்கிறோம்! சட்டியைக் காலால் வெளியே தள்ளிவிட்டு சன்னலைத் திறந்தேன். காற்றோடு ஈரமும் உள்ளே வந்தது. பிள்ளை மூச்சை இழுத்து ஒருமுறை அழுதாள். அப்புறம் அழவில்லை. கன்னம், கை, பாதம் எல்லாம் சில்லிட்டுக்கொண்டிருந்தது.

"மாமா!" என்று அலறினேன். சாமி என்று கூப்பிட வேண்டும் என்பதெல்லாம் மறந்துவிட்டது. "என்னால முடியல மாமா. வாங்க. பிள்ளைய வாங்கிக்கிடுங்க. செத்துப் போயிருவா மாமா!"

அவர் வாசலில் நின்றார். தலையிலிருந்து தண்ணீர் சொட்ட, கறுப்புத் துண்டைக் கழுத்தைச் சுற்றி இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்க்கவில்லை, பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒரு நிமிஷம்கூட இருக்காது என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு அது முடியவே முடியாது போலிருந்தது. அந்த நேரத்தில் அவரை நான் வெறுத்ததுபோல் இன்றுவரை எந்த மனுஷரையும் வெறுத்ததில்லை.

பிறகு வந்தார். துண்டால் மார்பை அழுத்தித் துடைத்துவிட்டுச் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தார். கழுத்தில் மாலை இல்லை. பிள்ளையை அவர் நெஞ்சில் குப்புறப் படுக்க வைத்து, என் சேலை, போர்வை என்று கிடைத்ததையெல்லாம் சுற்றினேன். சூடமும் பஞ்சுத் தூசியும் கலந்த வாசனை அவர் மேல் அடித்தது. அதன் பிறகு அவர் அசையவே இல்லை. இருட்டுகிற நேரத்தில் பிள்ளையின் பாதத்தைப் போர்வைக்குள் கையை விட்டுத் தொட்டுப் பார்த்தேன். சுட்டது. அப்போதுதான் படுத்தேன்.

மறுநாள் டிராக்டர் ஒன்றில் தொற்றிக்கொண்டு அத்தை வந்து சேர்ந்தார். கரண்டு வந்தது, எங்களை ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப் போனார்கள். மாமாவோடு மாலை போட்ட சாமிமார்கள் அவரில்லாமல் மலைக்குப் போனார்கள். ஊரெல்லாம் அவரைப் புகழ்ந்தது. நானும் கேட்பவர்களிடம் பெருமையாகத்தான் சொன்னேன். ஆனால் உள்ளே ஒரு முள் கிடந்தது. என் பிள்ளை உயிருக்கு இழுத்துக்கொண்டிருக்கும்போது இந்த மனுஷர் வாசலில் நின்று மாலையா பிள்ளையா என்று கணக்குப் போட்டாரே! நன்றியோடு நன்றியாக அந்தக் கோபத்தையும் வளர்த்துக்கொண்டுதான் வந்தேன்.

மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். போன வாரம் மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம், தறி நின்றுபோய் மாமா சும்மா உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு ஏனோ கேட்டுவிட்டேன். "அந்த நேரத்துல மாலையக் கழட்ட அவ்வளவு யோசிச்சீங்களே மாமா?"

அவருக்குப் புரியவில்லை. "மாலையா? அத நீ மொதச் சத்தம் குடுத்தவுடனயே சாமி படத்துக்கிட்ட கழட்டி வச்சிட்டேனேம்மா. கரிச்சட்டியக் கொண்டாரும்போதே கழுத்துல மாலை கெடையாதே."

"பொறவு எதுக்கு மாமா வாசல்லயே நின்னீங்க?"

இரண்டு கைகளையும் மடியில் விரித்து வைத்துக்கொண்டார். "ஒம் புருசனுக்கு முன்ன எனக்கு ஒருத்தன் பொறந்தான். இதே மாதிரி மழை. டவுனுக்குத் தூக்கிட்டு ஓடுதேன். இந்தக் கையிலதான் வெறச்சிப் போனான். அதான் அன்னைக்கு இவளத் தூக்கக் கை ஓடலம்மா எனக்கு."

இத்தனை வருஷமும் இந்த வீட்டில் யாரும் அந்தப் பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. உள்ளேயிருந்து மகள் "தாத்தா, என்னயத் தூக்குங்க" என்று கூப்பிட்டாள். அவர் எழுந்தார். இரண்டு கைகளையும் பரபரவென்று தேய்த்துச் சூடாக்கிக்கொண்டார். அப்புறம்தான் உள்ளே போனார்.