இறங்க முடியாத பார் வண்டி

எனக்குக் கோர்வையாக எழுத வராது. படிப்பு ஐந்தாவது வரைக்கும்தான், அதிலும் பாதி நாள் கடலைக்காய் பிடுங்கப் போய்விட்டேன். எழுத்து கோணலாக இருக்கும். முன்னே நடந்ததைப் பின்னே சொல்வேன், பாதியில் மறந்தும் போவேன். ஒரு சிநேகிதி பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிற மாதிரி நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

போன வாரம் என் மருமகள் சைக்கிள் வாங்க என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். அவள் செஞ்சி பஜாரில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். சுகர் எட்டிப் பார்க்கிறது, ஸ்கூட்டியை ஓரம் கட்டிவிட்டு சைக்கிளில் வேலைக்குப் போங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். "நீங்கதான் அத்த சைக்கிள்லயே வேலைக்குப் போனவங்க. எது தாங்கும்னு பாத்துச் சொல்லுங்க" என்றாள். நான் என்னத்தைச் சொல்வது? ஆனாலும் போனேன். கடையில் புது டயர் வாசனை. அந்த வாசனை வந்தாலே நான் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வேன். காரணம் பிறகு சொல்கிறேன்.

கடைக்காரர் இரண்டு வண்டிகளை இழுத்து நிறுத்தினார். ஒன்று ரோஸ் கலர், நடுக்கட்டை வளைந்து கீழே இறங்கியிருந்தது. இன்னொன்றில் பார் நேராக ஓடியது. "தெனம் போய் வர்றதுன்னா இந்த பார் பிரேம்தான் மேடம். மூணு பக்கமும் புடிச்சிக்கும், ஆடாது. அது பாக்கத்தான் ஷோக்கா இருக்கும்" என்றார். மருமகள் என்னைப் பார்த்தாள். "பார் இருக்கறதையே எடும்மா" என்றேன், அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

அவள் உடனே சுடிதார் காலைத் தூக்கி பாருக்கு அந்தப் பக்கம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். நட்ட நடு பஜாரில். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு, தூரத்தில் தெரிந்த கோட்டைமலையைப் பார்ப்பதுபோல நின்றேன். "ஏறுனது நானு, வெக்கம் உங்களுக்கா?" என்று சிரித்தாள். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. கடைக்காரரிடம், "எங்க அத்த லேசுப்பட்டவங்க இல்லீங்க. அந்தக் காலத்துலயே ஊர்த்தெருவுல சைக்கிள விட்டு எறங்காம ஓட்டிக்கினு போனவங்க" என்று சொல்லிவிட்டாள். அவர் நாற்காலியிலிருந்து எழுந்து எனக்கு ஒரு கும்பிடு போட்டார். எனக்கு அங்கேயே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. என் மகன் இந்தக் கதையைப் போகிற இடமெல்லாம் சொல்லி வைத்திருக்கிறான். உண்மை அப்படி இல்லை. அதைச் சொல்லத்தான் இத்தனை பீடிகையும்.

என் வீட்டுக்காரர் இறந்து, கைக்குழந்தையோடு நைனா வீட்டுக்கு வந்திருந்த சமயம் அது. அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அனந்தபுரம் போகிற ரோட்டில் ஒரு பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் எனக்கு உதவியாள் வேலை கிடைத்தது. பாத்திரம் கழுவுவது, காய் நறுக்குவது, அடுப்பு பற்றவைப்பது. காலையில் ஒரு டவுன் பஸ் உண்டு. ஆனால் அமாவாசை வந்தால் அந்த பஸ்ஸை மேல்மலையனூருக்கு ஸ்பெஷலாக விட்டுவிடுவார்கள். ஊரே அங்காளம்மனைப் பார்க்கப் போகும். நான் ரோட்டோரம் நின்று அம்மனை மனசுக்குள் திட்டிக்கொண்டிருப்பேன். ஒவ்வொரு அமாவாசைக்கும் லேட், இல்லையென்றால் லீவு. சமையற்கூடத்தைப் பார்த்துக்கொண்ட அம்மா நல்லவர்தான். "புள்ளைங்க தட்டத் தூக்கிக்கினு நிக்குதும்மா. இன்னும் ஒரு வாட்டி இப்பிடி ஆச்சுன்னா வேற ஆள வெக்கறதத் தவிர எனக்கு வழி இல்ல" என்று தன்மையாகத்தான் சொன்னார். தன்மையாகச் சொன்னதால்தான் பயம் அதிகமானது.

நைனாவிடம் ஒரு டபுள் பார் சைக்கிள் இருந்தது. கருப்பு வண்டி. அதில் அடுத்தவர்கள் நெல் மூட்டையைக் கட்டி செஞ்சி மார்க்கெட் கமிட்டிக்கு ஏற்றிப்போவார். இடுப்பு பிடித்துக்கொண்ட பிறகு அந்த வேலையை விட்டுவிட்டார். சாயங்காலம் டீக்கடைக்குப் போக மட்டும் வண்டி. சின்னப் பிள்ளையில் அதில்தான் நான் பாருக்கு அடியில் காலை விட்டுக் குரங்குப் பெடல் போட்டுக் கற்றுக்கொண்டேன். பாவாடை கட்டினவளுக்கு அது சரி. புடவை கட்டினவள் பார் வண்டியில் எப்படி ஏறுவது?

ஏறுவதைவிட இறங்குவதுதான் பெரிய பாடு. எங்கள் காலனியிலிருந்து மெயின் ரோட்டுக்கு வர ஊர்த்தெரு வழியாகத்தான் வரவேண்டும். அந்தத் தெரு முனையில் ஒரு புங்கமரம். அங்கே வந்ததும் எங்கள் ஆட்கள் சைக்கிளை விட்டு இறங்கி, தெரு முடிகிற வரைக்கும் தள்ளிக்கொண்டு போய், பிறகு ஏறிக்கொள்வார்கள். எங்கேயும் எழுதி வைக்கவில்லை. யாரும் தடி எடுத்துக்கொண்டும் நிற்கவில்லை. மரம் வந்தால் கால் தானாக இறங்கிவிடும், அவ்வளவுதான். நைனா மூட்டையோடு இறங்கித் தள்ளியதை நான் பார்த்திருக்கிறேன். அப்படி இருக்கும்போது, தாலி அறுத்த ஒருத்தி அத்தனை பேர் பார்க்கப் புடவையைத் தூக்கி பாரைத் தாண்டி இறங்குவது, மறுபடி ஏறுவது என்றால்? வேலையே வேண்டாம் என்று அழுதேன்.

மறுநாள் நைனா வண்டியைத் தள்ளிக்கொண்டு செஞ்சிக்குப் போனார், நானும் கூடப் போனேன். சைக்கிள் கடையை ஒட்டி ஒரு வெல்டிங் பட்டறை. புது டயர் வாசனையும் இரும்பு கருகுகிற வாசனையும் கலந்து வரும். "மேல இருக்கற ரெண்டு பாரையும் அறுத்துட்டு, லேடீஸ் வண்டி கணக்கா கீழ ஒரு பைப்ப வெச்சிக் குடு" என்றார் நைனா.

பட்டறைக்காரர் வண்டியைச் சுற்றி வந்தார். "இன்னா பெரியவரே, நல்லா இருக்கற எருதுக்குக் கொம்ப அறுக்கச் சொல்ற?"

"பொண்ணு வேலைக்குப் போவணும்."

"வேலைக்குப் போவணும்னாதான் பாரு வேணும். இத்த அறுத்தா வண்டி நிக்காது."

"அறு" என்றார் நைனா. அறுக்கும்போது வெளியே போய் பீடி பற்றவைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்து நின்றார். நான் அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். மூக்கைப் பொத்துவது அன்றிலிருந்துதான்.

வண்டி எனக்குச் சுகமாகத்தான் இருந்தது. மரத்தடியில் இறங்குவேன், தலையைக் குனிந்துகொண்டு தள்ளுவேன், தெரு முடிந்ததும் ஏறுவேன். சாயங்காலம் நைனா அதே வண்டியில் டீக்கடைக்குப் போனால் அவர் வயசு ஜோட்டாள்கள், "பொம்பள வண்டில வர்றாரு பாரு, பொட்டு வெச்சிக்கினியா?" என்று ஓட்டுவார்களாம். "பூவும் வெச்சிக்கினேன், வண்டிக்குப் பின்னால இருக்குது பாரு" என்பாராம் நைனா.

சில மாதம் போயிருக்கும். ஒரு அமாவாசை காலையில் கேரியரில் கத்திரிக்காய் மூட்டை கட்டியிருந்தேன். பள்ளிக்கூடத்துக்குப் பாதி வழியில், ஹேண்டில் பாருக்குக் கீழே பைப் விண்டுகொண்டு வண்டி மடங்கிவிட்டது. எனக்கு முழங்கை சிராய்ப்போடு போயிற்று. வண்டியை ஒரு வேலியில் சாய்த்துவிட்டு, மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடினேன். போய்ச் சேர்ந்தபோது அந்த அம்மாவே புடவையைச் சொருகிக்கொண்டு பருப்பு கிண்டிக்கொண்டிருந்தார். என் முழங்கையைப் பார்த்ததால் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. இனி ஒரு நாள்கூடத் தவறக்கூடாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

மறுபடியும் அதே பட்டறை. இந்தத் தடவை நானே, "பாரு வெச்சே குடுங்கண்ணா" என்றேன். பட்டறைக்காரர் சிரிக்கவில்லை. கெட்டியான பைப்பாகப் பார்த்து எடுத்து, மேலே நேராக வைத்து இரண்டு பக்கமும் பற்றவைத்தார். "இனிமே நீ ஒடைஞ்சாலும் இது ஒடையாது, போ" என்றார்.

காலனி ஓரத்தில் ஒரு மதகுக் கட்டை இருந்தது. விடிந்தும் விடியாமலும் அதன்மேல் ஏறி நின்று, புடவையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, எப்படியோ சீட்டில் உட்கார்ந்தேன். மிதித்தேன். புங்கமரம் வந்தது. இறங்கத்தான் நினைத்தேன். சத்தியமாக இறங்கத்தான் நினைத்தேன். கால் தரைக்கு எட்டவில்லை. பாரில் புடவை சுற்றிக்கொண்டு நிற்கிறது. அங்கே கட்டையும் இல்லை, கல்லும் இல்லை. இறங்கினால் விழ வேண்டும். விழுந்தால் ஏற முடியாது. ஏற முடியாவிட்டால் வேலை போய்விடும். தலையைக் குனிந்துகொண்டு மிதித்தேன். வாசல் தெளித்துக்கொண்டிருந்த ஒரு அம்மா வாளியோடு அப்படியே நின்றுவிட்டார். யாரோ "ஏய்" என்றார்கள். பள்ளிக்கூடத்துப் படிக்கட்டு வரைக்கும் நான் நிற்கவில்லை. தெரிந்தவர்கள் கூப்பிட்டாலும் நிற்க முடியாதே, அதனால் திமிர் பிடித்தவள் என்ற பேரும் சேர்ந்துகொண்டது. மறுநாளும் அப்படித்தான் போனேன். அதற்கடுத்த நாளும்.

இதுதான் என் வீரம். கால் எட்டாத வீரம்.

முதல் நாள் சாயங்காலமே டீக்கடையில் ஊர்ப் பெரியவர் ஒருத்தர் நைனாவைக் கேட்டாராம்: "இன்னாடா, ஒம் பொண்ணு எறங்க மாட்டாளாமே?" என் அண்ணன் பக்கத்தில் இருந்திருக்கிறார். நைனா, "அது பார் வண்டிங்க. எறங்க முடியாது" என்று மட்டும் சொன்னாராம். அதோடு அந்தப் பேச்சு நின்றுவிட்டது. எப்படி நின்றது என்று எனக்கு இன்று வரைக்கும் தெரியாது.

எனக்குத் தெரிந்தது இது ஒன்றுதான். அதன் பிறகு நைனா அந்த வண்டியைத் தொடவில்லை. வண்டி ஞாயிற்றுக்கிழமை சும்மாதான் நிற்கும். இருந்தும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தே டீக்கடைக்குப் போய் வந்தார். கேட்டால் நடப்பது நல்லது என்பார். ஏறிப்போனால் மரத்தடியில் அவர் இறங்க வேண்டும், இல்லை இறங்காமல் போக வேண்டும். இறங்கினால் எனக்குக் கேவலம். இறங்காமல் போக அவர் காலுக்கு வராது. இது எனக்குப் புரிய அவர் சாக வேண்டியிருந்தது.

இப்போது அந்தத் தெருவில் சிமெண்ட் ரோடு. மரம் இல்லை. மதகும் ரோட்டுக்கு அடியில் போய்விட்டது. பார் வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டபோதும் பைப் அசையவில்லை என்று எடுத்தவர் சொன்னார். எங்கள் பிள்ளைகள் பைக்கில் பாட்டுப் போட்டுக்கொண்டு போகிறார்கள். எந்த இடத்தில் கால் இறங்கும் என்று அவர்களுக்குத் தெரியாது. அது நல்லதுதான். மருமகளும் தினம் காலையில் அந்த வழியாகத்தான் புது வண்டியில் மணியடித்துக்கொண்டு போகிறாள்.

எழுதியதில் தப்பு இருக்கும். டீக்கடைப் பேச்சை மட்டும் யாராவது அண்ணனிடம் கேட்டுச் சரி பார்த்துவிடுங்கள். அவருக்கு இன்னும் நல்ல ஞாபகம். "எறங்க முடியாது" என்று சொன்னபோது நைனா சிரித்தார் என்று என்னிடம் சொன்னார். அண்ணன் அதைச் சொன்னபோது நான் அழுதுகொண்டிருந்தேன், அதனால் எனக்குச் சந்தேகம். நைனா சிரித்துக்கொண்டு சொன்னாரா, கையைக் கட்டிக்கொண்டு சொன்னாரா என்று கேளுங்கள். நான் கேட்டால், என் மனசு நோகக்கூடாதென்று, சிரித்தார் என்றுதான் சொல்வார்.