லிட்டருக்குப் பதிமூன்று

என் மகன் பெங்களூரில் இருந்தபோது வாங்கிய கார் அது. டர்போ வைத்த பெட்ரோல் வண்டி. தாழ்ந்த உடம்பு, அகலமான டயர், ஆறு கியர். வேகமாகப் போவதற்கென்றே செய்தது. அவனுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்ததும் நாகல் நகரில் எங்கள் வீட்டு வாசலில் அதைக் கொண்டுவந்து நிறுத்தினான். எங்கள் தெருவின் அகலம் பதினொன்றரை அடி. கண்ணாடிகளை மடக்கினால் வண்டி ஆறடிக்குக் கொஞ்சம் குறைவு. மிச்சத்தில்தான் ஆட்டோ போக வேண்டும். எதிர்வீட்டுக்காரர் தினமும் ஒரு தடவை வெளியே வந்து, அளப்பது போலப் பார்த்துவிட்டு உள்ளே போவார்.

கிளம்புகிற அன்று மகன் சொன்னான்.

"அப்பா, இது லிட்டருக்கு ஒம்பதுதான் குடுக்குது. உங்களுக்கு ஒத்துவராது. வித்துரலாம்."

"நீ ஓட்டுற ஓட்டுக்கு ஒம்பதே ஜாஸ்தி. நான் ஓட்டுனா குடுக்கும்," என்றேன்.

"எம்புட்டு?"

"நீயே சொல்லு."

அவன் யோசித்துப் பார்த்துவிட்டுப் பதிமூன்று என்றான். அடுத்த தீபாவளிக்கு லீவில் வருவான். அதற்குள் பதிமூன்று வந்திருந்தால் வண்டி எனக்கு. வராவிட்டால் அவனே விற்றுவிட்டுப் போவான். விளையாட்டாகத்தான் சொன்னான். நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

காரணம் வியாழக்கிழமை. என் மனைவியின் அக்கா மதுரையில் படுத்த படுக்கையாக இருந்தார். வாராவாரம் வியாழக்கிழமை இருவரும் போய்ப் பார்த்துவிட்டு வருவோம். போக அறுபத்து நான்கு கிலோமீட்டர், வர அறுபத்து நான்கு. பஸ்ஸிலும் ரயிலிலும் போன காலத்தில் என் மனைவி முன்னால் நடப்பாள், நான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவேன். கார் வந்த பிறகு நான் அழைத்துக்கொண்டு போனேன். வாரத்தில் மற்ற ஆறு நாளும் வீட்டில் என்னால் ஆகிற காரியம் ஒன்றுமில்லை. மாத்திரை நாலு, நடை இரண்டு சுற்று, பேப்பர் ஒன்று. அந்த ஒரு நாளையும் விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

முப்பத்து நான்கு வருடம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் குறித்தவன் நான். எந்த எண் கண்ணில் பட்டாலும் அதற்கு முந்தைய எண்ணைக் கழித்துப் பார்த்தால்தான் மனம் அடங்கும். ஆகவே ஒரு நோட்டுப் போட்டேன். என்ஜின் ஆயில் மாற்றிய நாளில் தொடங்கினேன். டேங்கை நிரப்புவது, பம்பு தானாக நிற்கிற இடத்தில் நிறுத்திவிடுவது. பங்கில் பெட்ரோல் போடுகிறவர், "ரவுண்டா போட்டுரவா சார்?" என்பார். கூடாது என்பேன். அடுத்த முறை நிரப்பும்போது எத்தனை லிட்டர் பிடித்தது, நடுவில் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று குறித்து வகுத்துப் பார்ப்பது.

இதில் இருவருக்கும் வேலை இருந்தது. பங்கில் இறங்கி நின்று ஜீரோ பார்ப்பது என் வேலை. அந்த இடத்தில் நான் யாரையும் நம்புவதில்லை. லிட்டர் ஓடி முடிகிற வரைக்கும் பம்பை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டேன். வண்டிக்குள் ட்ரிப் மீட்டரைப் பார்த்து எண்ணைச் சொல்லி, பொத்தானை அழுத்தி மறுபடி பூஜ்ஜியமாக்குவது என் மனைவியின் வேலை. கறுப்புத் திரையில் எறும்பு ஊர்வது போலச் சிவப்பு எண்கள். கண் ஆபரேஷனுக்குப் பிறகு எனக்குத் தூரம் நன்றாகத் தெரிகிறது, கிட்டத்தில் இருப்பது கண்ணாடி போட்டால்தான் தெரியும். அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஓட்ட முடியாது. அவள் சொல்வாள், நான் எழுதுவேன்.

என்னென்ன செய்தேன் என்று இப்போது எழுதவே அலுப்பாக இருக்கிறது. டிக்கியைக் காலி செய்தேன். மகன் வைத்திருந்த ஸ்பீக்கர் பெட்டி மட்டும் பதினெட்டு கிலோ. டயரில் காற்றைப் பத்து நாளைக்கு ஒரு முறை, வெயில் ஏறுமுன் பார்த்தேன். தெருமுனை மெக்கானிக் பாய்தான் எனக்கு மிச்சத்தைச் சொல்லிக் கொடுத்தார்.

"சார், இதுல டர்போ இருக்கு பாருங்க, அதை எழுப்பிவிடாம ஓட்டணும். ஊய்ங்னு ஒரு சத்தம் வரும். வந்துச்சுன்னா அது முழிச்சிருச்சு, பெட்ரோலைக் குடிக்குதுன்னு அர்த்தம். ஆர்பிஎம் முள்ளை ரெண்டாயிரத்துக்குக் கீழயே வச்சுக்கிட்டு சட்டுசட்டுன்னு கியரை மாத்திருங்க."

"அதுக்கு மேல ஏறுனா?"

"ஏறுனா உங்க மகன் ஓட்டுறாருன்னு அர்த்தம்."

நான்குவழிச் சாலையில் எழுபதைத் தாண்ட மாட்டேன். சின்னாளபட்டி பிரிவைத் தாண்டுவதற்குள் பஸ்கள் எல்லாம் என்னைத் தாண்டிப் போய்விடும். எதிரே சிக்னலோ பள்ளமோ தெரிந்தால் அரை கிலோமீட்டர் முன்னாலேயே காலை எடுத்துவிடுவேன். கொடைரோடு பக்கம் டீ குடிக்க நிறுத்தினால் கடைக்காரர் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இம்புட்டுப் பெரிய வண்டிய வச்சுக்கிட்டு இப்புடி உருட்டிக்கிட்டு வாரீகளே ஐயா, எதும் ரிப்பேரா?" என்பார்.

ஏசியையும் நிறுத்தினேன். கண்ணாடியை இறக்கினால் காற்று இழுக்கும் என்று அதையும் பாதிக்கு மேல் இறக்கவில்லை. என் மனைவி முந்தானையால் விசிறிக்கொண்டே வருவாள்.

"ஏங்க, என்னையும் இங்கனயே எறக்கி விட்டுட்டுப் போங்க. ஒரு ஆள் வெயிட்டு கொறஞ்சா இன்னும் அரைக் கிலோமீட்டரு கூடக் கெடைக்கும்ல."

"நீ எறங்கிட்டா மீட்டர் யாரு பாக்குறது?"

"அதுக்குத்தான் என்னைய ஏத்திக்கிட்டு வாரீகளாக்கும்," என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

முதல் தடவை பதினொன்று புள்ளி ஒன்பது வந்தது. அடுத்து பன்னிரண்டு புள்ளி ஆறு. மூன்றாவது பன்னிரண்டு புள்ளி ஒன்பது. இன்னும் ஒரு புள்ளிதான் பாக்கி.

அந்தச் சமயத்தில்தான் சிறுமலை போனோம். அக்காவுக்கு மலைவாழைப்பழம் என்றால் உயிர். சாப்பாடு குறைந்துபோன பிறகும் அது ஒன்றை மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தார். மேலே போய் நாலு சீப்பு வாங்கிப் பின்சீட்டில் வைத்துக்கொண்டு இறங்கினோம். ஏறும்போது வண்டி பெட்ரோலைக் குடித்துத் தீர்த்திருந்தது. டர்போவின் அந்தச் சத்தம் ஏற்றம் முழுக்கக் காதில் கேட்டுக்கொண்டே வந்தது. இறக்கத்தில் அதை மீட்டுவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

வேலைக்குப் போன காலத்தில் மொபெட்டில் எந்த இறக்கம் வந்தாலும் என்ஜினை அணைத்துவிட்டுச் சும்மா உருண்டு வருவேன். என் வயதுக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்தோம். அதே நினைப்பில் கியரை நியூட்ரலில் தள்ளி, சாவியை ஒரு படி பின்னால் திருப்பினேன். வண்டி அமைதியாகிவிட்டது. பறவைச் சத்தம் கேட்டது. இரண்டு வளைவு அப்படியே வந்தோம்.

மூன்றாவது வளைவில் ஸ்டியரிங் இறுகிக்கொண்டது. பிரேக்கை மிதித்தேன், பிடித்தது. மறுபடி மிதித்தேன், பாதிதான் பிடித்தது. மூன்றாம் முறை கருங்கல்லை மிதிப்பது போல இருந்தது. என்ஜின் ஓடினால்தான் இந்த மாதிரி வண்டியில் பிரேக்குக்குப் பலம் என்பது எனக்குத் தெரியாது. ஹேண்ட்பிரேக்கை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். வண்டி பின்பக்கம் சறுக்கித் திரும்பி நின்றது. இறங்கிப் பார்த்தேன். கைப்பிடிச் சுவருக்கும் பம்பருக்கும் நடுவே மூன்று சாண் இருந்தது. சுவர் என் முழங்கால் உயரம்கூட இல்லை.

என் மனைவி பின்சீட்டிலிருந்து கீழே உருண்டிருந்த பழச் சீப்புகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கீழே வந்து சேர்கிற வரை அவற்றை விடவில்லை. மகனிடம் நானும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. இனிமேல் என்ஜினை அணைக்க மாட்டேன் என்று மட்டும் மறுநாள் சொன்னேன். "சரி" என்றாள்.

அதற்குப் பிறகு எண் இறங்கிவிட்டது. பதினொன்று புள்ளி எட்டு. அடுத்து பதினொன்று புள்ளி ஏழு. ஒரு முறை பன்னிரண்டு. நான் பைத்தியம் பிடித்தவன் போல ஆனேன். பெட்ரோலில் கலக்கிற எத்தனாலால் இருக்குமோ என்று பங்கை மாற்றினேன். ஏர் ஃபில்டரை மாற்றினேன். எழுபதை அறுபத்தைந்தாக்கினேன். வண்டியிலேயே சராசரி காட்டுகிற ஒரு திரை உண்டு. ஒரு நாள் மெக்கானிக் பாய் அதைப் பார்த்து, "பதிமூணரைன்னு காட்டுதே சார்" என்றார். கம்பெனிக்காரன் தன் வண்டிக்குத் தானே போட்டுக்கொள்கிற மார்க்கை நம்பச் சொல்கிறீர்களா என்று கேட்டேன்.

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது மறுபடி ஆயில் மாற்றக் கொண்டுபோனேன். முந்தின நாள்தான் டேங்க் நிரப்பியிருந்தேன். போன தடவை ஆயில் மாற்றியபோது பாய் ஒரு சீட்டில் மொத்தக் கிலோமீட்டரை எழுதிக் கதவோரம் ஒட்டியிருந்தார். அதைக் கிழித்துவிட்டுப் புதியது எழுதினார். பழைய சீட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். 38,140. புதிய சீட்டில் 42,952.

ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கழித்தேன். 4,812. நோட்டை எடுத்து என் மனைவி சொன்ன பன்னிரண்டு எண்களையும் கூட்டினேன். 4,296. மறுபடி கூட்டினேன். மேலிருந்து கீழே கூட்டியதைக் கீழிருந்து மேலே கூட்டினேன். வீட்டிலிருந்து கடை வரைக்கும் ஓடியதற்காக ஒன்றிரண்டு முன்பின் இருக்கலாம். ஐந்நூற்றுப் பதினாறு கிலோமீட்டரைக் காணவில்லை.

"என்ன சார், ஒரு மாதிரி இருக்கீங்க. டீ சொல்லவா?" என்றார் பாய்.

"இந்த மீட்டர் தப்பாக் காட்டுமா?"

"மீட்டர் எங்க சார் தப்பாக் காட்டப் போகுது?"

முப்பத்து நான்கு வருடம் நான் எத்தனையோ வீட்டு வாசலில் நின்று சொன்ன வாக்கியம் அது. மீட்டரில் தப்பு இல்லையென்றால் சொன்னவரிடம்தான். நோட்டைத் திருப்பி எண் எங்கே இறங்கியது என்று பார்த்தேன். சிறுமலைக்கு முன்னால் மூன்று வரி. சிறுமலைக்குப் பின்னால் ஒன்பது வரி. ஐந்நூற்றுப் பதினாறை ஒன்பதால் வகுத்தால் ஐம்பத்தேழு சொச்சம். ஒவ்வொரு தடவையும் ஐம்பது, அறுபது என்று எடுத்திருக்கிறாள். மொத்த லிட்டர் முந்நூற்று ஐம்பத்தெட்டு. சரியான கிலோமீட்டரை வகுத்தேன். பதிமூன்று புள்ளி நான்கு.

ஜெயித்திருந்தேன். சந்தோஷம் வரவில்லை. பாய் டீ சொல்லிவிட்டார். பாதிக்கு மேல் குடிக்க முடியவில்லை.

வீட்டில் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க எனக்குத் தைரியமில்லை என்றும் சொல்லலாம். அடுத்து டேங்க் நிரப்புகிற வியாழக்கிழமை வரை மூன்று வாரமும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அன்று பங்கில் நான் இறங்கவில்லை. "ஜீரோ பாத்துக்கங்க சார்" என்று வெளியே குரல் கேட்டது. நான் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு மீட்டரைப் பார்த்தேன். 408. என் மனைவி நான் கண்ணாடி போடுவதைப் பார்த்தாள். நோட்டைத் திறந்து பேனாவை எடுத்தேன்.

"எவ்வளவு?"

அவள் மீட்டரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"முந்நூத்தி அம்பது," என்றாள்.

பின்னால் நின்ற வேன் ஹாரன் அடித்தது. நான் 350 என்று எழுதினேன். அவள் கையை நீட்டிப் பொத்தானை அழுத்திப் பூஜ்ஜியமாக்கினாள்.

வாடிப்பட்டி தாண்டியபின் நான்தான் பேச்சை எடுத்தேன்.

"பயமா இருந்தா வாயைத் தொறந்து சொல்லிருக்கலாம்ல?"

"சொன்னா? பயப்படாதன்னு சொல்லிருப்பீக. ஒங்ககிட்ட நம்பருதான் பேசும், நான் பேசுனா எடுபடாது." கொஞ்ச தூரம் போன பிறகு, "அன்னைக்கு அந்தச் சொவரு எம்புட்டு ஒசரம்னு நீங்க அளந்துக்கிட்டு நின்னீக. நான் உள்ள ஒக்காந்திருந்தேன்," என்றாள்.

நான் ஏசியைப் போட்டேன்.

அந்த வாரம் மகன் வந்தான். எவ்வளவு வந்தது என்று கேட்டான். பன்னிரண்டு என்றேன். நோட்டைக்கூட வாங்கிப் பார்க்கவில்லை, முதுகைத் தட்டிக்கொடுத்தான். ஒன்பதிலிருந்து பன்னிரண்டு கொண்டுவந்ததே பெரிய விஷயம் என்றான். தீபாவளி முடிந்த இரண்டாம் நாள், ஒட்டன்சத்திரத்திலிருந்து காய்கறி மண்டிக்காரர் ஒருவர் வண்டியைப் பார்க்க வந்தார். பானெட்டைத் திறந்து பார்த்தார், டயரை உதைத்துப் பார்த்தார். பிறகு மகனை விட்டுவிட்டு என்னிடம் வந்தார்.

"ஏனுங்க ஐயா, நீங்கதான ஓட்டறீங்க? மைலேஜ் என்னங்க குடுக்குது?"

"பதிமூணு புள்ளி நாலு," என்றேன். அந்த எண்ணை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

மகன் திரும்பிப் பார்த்தான். வந்தவர் வண்டிக்குள் ஏறிய பிறகு பக்கத்தில் வந்து மெதுவாக, "பன்னெண்டுன்னுதான சொன்னீங்க?" என்றான்.

தண்ணீர்ச் செம்போடு வந்த என் மனைவி அவனைப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை.

"விக்கிற எடத்துல யாருடா கொறச்சுச் சொல்லுவா?" என்றாள்.

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நானும் இந்த வயதில் கொஞ்சம் பிழைக்கக் கற்றுக்கொண்டேன் என்று நினைத்திருப்பான். வந்தவரும் நான் சொன்னதற்குத் தலையை ஆட்டிவிட்டுத்தான் வண்டிக்குள் ஏறியிருந்தார். மனதுக்குள் அவரும் பன்னிரண்டு என்றுதான் வைத்துக்கொண்டிருப்பார்.