பாக்கியம் சிஸ்டர் ஒட்டிய பிளாஸ்திரி

போன செவ்வாய்க்கிழமை காலை, என் கடையில் வாழைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த, சால்ட் லேக்கிலிருந்து வரும் அம்மாள் ஒருவர் தலையைத் தூக்காமலே சொன்னார்: "அண்ணாச்சி, பாக்கியம் சிஸ்டர் தவறிட்டாங்க. தெரியுமா?"

தெரியாது. தராசைக் கீழே வைத்துவிட்டு நான் கேட்ட முதல் கேள்வி, "ரொம்பக் கஷ்டப்பட்டாங்களா?"

"இல்ல. அக்கா மகன் வீட்டுலதான் இருந்தாங்க. மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தாங்க. சாயங்காலம் டீ குடுக்க எழுப்பினப்போ எழுந்திரிக்கல."

உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது நிம்மதிதான். வருத்தம் கடை சாத்திய பிறகு வந்தது. தென் கல்கத்தாவில் ஓர் அரசு ஆஸ்பத்திரியின் தோல் பிரிவில் காலம் பூராவும் நர்ஸாக நின்ற அந்த அம்மாள், "சாவைவிட அரிப்பு பொல்லாதது அண்ணாச்சி. செத்தவன் தூங்கிருவான்" என்று சொல்வது வழக்கம். அப்படிச் சொன்னவர் தூக்கத்திலேயே போயிருக்கிறார். அவருக்கு அது கிடைக்க வேண்டியதுதான்.

நம் தமிழ்க் குடும்பங்களில் பலருக்கு அவரைத் தெரியும். தெரியாதவர்களுக்காக என் கதையைச் சொல்கிறேன். இதில் நான் முட்டாளாகத்தான் வருவேன். அதை மறைத்தால் அவரைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இருக்காது.

நான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வெறுங்கையோடு இந்த ஊருக்கு வந்தவன். லேக் மார்க்கெட்டில் நடைபாதையில் கறிவேப்பிலை விற்றுத் தொடங்கி, தொண்ணூறுகளில் சொந்தக் கடை பிடித்தேன். இட்லி அரிசி, அப்பளம், முருங்கைக்காய் எல்லாம் எல்லாக் கடையிலும் கிடைக்கும். என் கடைக்கென்று பெயர் வாங்கிக் கொடுத்தது ஒரு சரக்குதான்: குளியல் பொடி. பச்சைப்பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, வேப்பிலை, வசம்பு. நானே காயவைத்து, நானே அரைப்பேன். பாக்கெட்டின் மேல் தொட்டியில் உட்கார்ந்து சிரிக்கும் ஒரு கொழுகொழுக் குழந்தையின் படம். மாற்றலாகி வரும் துறைமுக, ரயில்வே ஊழியர் வீடுகளிலெல்லாம் குழந்தை பிறந்தால் என் பொடிதான்.

என் மகள் பொன்னிக்கு நாலாவது மாதத்தில் கன்னம் சிவந்தது. ஒரு வயதில் முழங்கை மடிப்பு, முழங்கால் மடிப்பு என்று இறங்கிற்று. கரப்பான் என்றோம். கரப்பானுக்குப் பத்தியம் உண்டே. என் மனைவி செல்வி மீனை விட்டாள், முட்டையை விட்டாள், கத்தரிக்காயை விட்டாள், கடைசியில் பாலையும் விட்டாள். அவள் பத்தியம் இருந்தது போதவில்லை என்று குழந்தைக்கும் அதையே வைத்தோம். தாய் மெலிந்தாள், பிள்ளை மெலிந்தது, கரப்பான் மட்டும் மெலியவில்லை. நான் நாள் தவறாமல் என் பொடியைப் போட்டு, சிவப்பு போகட்டும் என்று நன்றாகத் தேய்த்துக் குளிப்பாட்டினேன். ஊருக்கே விற்கிறவன் வீட்டில் ஊறல் என்றால் வெளியே சொல்ல முடியுமா?

அந்த மார்கழியில்தான் பாக்கியம் சிஸ்டர் இட்லி அரிசி வாங்க வந்தார். அதற்கு முன்னும் வருவார்தான். ஊர்க்காரி, நர்ஸ் என்ற அளவுக்குப் பழக்கம். அன்று செல்வி குழந்தையோடு கடையில் இருந்தாள். கம்பளிக் குல்லா, கம்பளிச் சட்டை. குழந்தை அரிசி மூட்டைமேல் சாய்ந்துகொண்டு கன்னத்தை மூட்டைச் சாக்கில் தேய்த்துக்கொண்டிருந்தது.

"பிள்ளைக்கு என்ன போட்டுக் குளிப்பாட்டுதீய?" என்றார் சிஸ்டர்.

நான் பெருமையாகப் பாக்கெட்டை எடுத்து நீட்டினேன். அவர் அதைப் பிரித்தார். என் கையைப் பிடித்து, மணிக்கட்டின் உள்பக்கம் பொடியை வைத்து, சொம்பிலிருந்து நாலு சொட்டு தண்ணீர் விட்டு, பரபரவென்று தேய்த்தார். வாடிக்கையாளர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"சிஸ்டர், எரியுது."

"எரியுதா? நாப்பது வயசு, மூட்டை தூக்கின உடம்பு. உங்களுக்கே எரிஞ்சா அதுக்கு?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்க ஊர்ல அத்தனை பிள்ளைங்களும் இதைப் போட்டுத்தான் வளந்துச்சு."

"வளந்துச்சு. அந்தப் பிள்ளையளுக்கு இந்தத் தோலு இல்ல. உங்க பொண்ணுக்கு இருக்கு. தோலுல ஈரம் நிக்க மாட்டேங்குது, ஓட்டைப் பானை மாதிரி. ஓட்டைப் பானையைத் தேங்காய் நாரு வச்சுத் தேய்ப்பாங்களா?" அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு போகும்போது, "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க. நான் டாக்டர் இல்ல" என்றார்.

நான் போகவில்லை. நான் செய்தது ஒரு வியாபாரி மட்டுமே செய்யக்கூடிய தப்பு. சரக்கைக் குறை சொன்னால் சரக்கைத் திருத்துவது எங்கள் புத்தி. பொடி கரகரப்பாக இருப்பதால்தான் எரிகிறது என்று முடிவு கட்டினேன். புதுச் சரக்கு இறக்கி, இரண்டு மடங்கு மஞ்சளும் வேப்பிலையும் சேர்த்து, மாவாக அரைத்து, துணியில் சலித்தேன். அதற்கு முன் இத்தனை சிரத்தையாக எதையும் அரைத்ததில்லை. நாலு நாள் அதைப் போட்டுத் தேய்த்தேன். ஐந்தாம் நாள் கன்னத்தில் நீர் கசிந்து, மஞ்சளாகப் பொருக்குத் தட்டி, குழந்தைக்குக் காய்ச்சலும் வந்துவிட்டது.

செல்வி என்னைத் திட்டவில்லை. பொடி டப்பாவை எடுத்துக்கொண்டு போய் வாசலில் வைத்துவிட்டு, குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "நீங்க வரீங்களா, நான் மட்டும் போகட்டுமா?" என்றாள்.

ஆஸ்பத்திரியில் சிஸ்டர் எங்களைப் பார்த்ததும், "நான் அன்னைக்கே சொன்னேனே" என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. கடைசிவரை ஒருநாளும் சொன்னதில்லை. நேரே டாக்டரிடம் கூட்டிப்போனார். டாக்டர் பார்த்து எக்ஸிமா என்றார். சொறிந்த இடத்தில் கிருமி ஏறியிருப்பதாகச் சொல்லி அதற்கு மருந்து, பிறகு பூச ஒரு களிம்பு, நிறைய வெள்ளை வாசலின் என்று எழுதினார். பத்தியத்தைப் பற்றிச் சொன்னதும் பேனாவை வைத்துவிட்டார். எந்தச் சாப்பாடு ஆகாது என்று தெரியாமல் எல்லாவற்றையும் நிறுத்தினால் குழந்தை எப்படி வளரும் என்று கேட்டு, எதையும் தன்னைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது என்றார்.

மற்ற பாடமெல்லாம் வராந்தா பெஞ்சில், சிஸ்டரிடம். வெதுவெதுப்பான தண்ணீர், சீக்கிரம் முடிக்க வேண்டும், தேய்ப்பே கூடாது. துண்டால் ஒற்றி எடுக்க வேண்டும். உடம்பு ஈரம் காய்வதற்குள் வாசலின் பூச வேண்டும். "ஈரத்தை உள்ள வச்சுப் பூட்டுதோம். காஞ்ச பொறவு பூசினா காலி வீட்டைப் பூட்டின மாதிரி." பகலில் வேறு எத்தனை தடவை என்றேன். "கடையில கறிவேப்பிலைக்கு எத்தனை தடவை தண்ணி தெளிக்கிறீய? வறளும்போதெல்லாம்லா?"

பத்து நாள் கழித்து மறுபடி போனோம். காய்ச்சல் போயிருந்தது, பொருக்கு உதிர்ந்திருந்தது, சிவப்பு அப்படியே இருந்தது. களிம்பு ட்யூபை வாங்கிப் பார்த்தார் சிஸ்டர். நிறைய இருந்தது. அது ஸ்டீராய்டு களிம்பு, கெடுதல் என்று மருந்துக் கடையில் எவனோ சொன்னதைக் கேட்டு, ஒவ்வொரு இடத்துக்கும் பொட்டு மாதிரி வைத்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் அடங்கினதும் நிறுத்தியும் விட்டிருந்தேன்.

"இம்புட்டூண்டு? தாளிக்கவா குடுத்தாங்க?"

பிறகு தன் ஆள்காட்டி விரலின் கடைசிக் கணு நீளத்துக்குக் களிம்பைப் பிதுக்கிக் காட்டினார். பெரியவர்களின் இரண்டு உள்ளங்கை அகலத் தோலுக்கு அவ்வளவு. டாக்டர் சொன்ன நாள் வரைக்கும், தோல் மழமழப்பாகும் வரைக்கும். "அளவா, சொன்னபடி பூசினா அது மருந்து. பயந்து பயந்து மாசக்கணக்கா தடவினீயன்னா அதுதான் கெடுதல். கடையில கேட்டு வேற ட்யூபு வாங்கினீயளோ, நான் உங்க கடைப் பக்கம் வர மாட்டேன்."

அடுத்த ஞாயிறு அவருக்கு விடுமுறை. லேக் கார்டன்ஸில் எங்கள் வாடகை வீட்டுக்கு வந்தார். அழைக்காமலேதான் வந்தார். "மருந்து சீட்டுல வீடு தெரியாதுலா" என்றார். அந்த நேரம் மேல் மாடி பௌதி, அதாவது அண்ணி என்று நாங்கள் பெங்காலியில் கூப்பிடும் மித்ரா வீட்டம்மாள், எங்கள் குழந்தையை வெயிலில் மடியில் போட்டுக் கடுகெண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். அவர் பெற்ற மூன்றையும் அப்படித்தான் தேக்கு மாதிரி வளர்த்தார். என் பிள்ளைமேல் அவருக்கு இருந்த பாசத்துக்குக் குறைவில்லை. தேய்த்து முடித்ததும் கம்பளிக் குல்லாவை மாட்டினார். இந்த ஊரில் டிசம்பர் பிறந்தால் குல்லா இல்லாத தலை கிடையாது.

சிஸ்டர் நல்ல பெங்காலி பேசுவார். எண்ணெய் வேண்டாம் என்றார். அது காரம், இந்தத் தோல் தாங்காது. பௌதிக்கு முகம் சுண்டிவிட்டது. குல்லாவைக் கழற்றச் சொன்னதும், "டண்டா லேகே ஜாபே!" என்றார். குளிர் பிடித்துவிடுமாம். சிஸ்டர் வாதாடவில்லை. பௌதியின் கையைப் பிடித்துக் குழந்தையின் பிடரிக்குக் கீழே சட்டைக்குள் வைத்தார். கை ஈரமாக வெளியே வந்தது. வேர்வை. பௌதி தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் அவரே மாடிக்குப் போய், துவைத்துத் துவைத்து நைந்துபோன பருத்திப் புடவை ஒன்றைக் கொண்டுவந்தார். அதில் குல்லா, சட்டை எல்லாம் பௌதியே தைத்தார். அந்தக் குளிர்காலம் முழுவதும் வாசலின் பூசும் வேலையை யாருக்கும் விட்டுக் கொடுக்கவில்லை. "பார்த்தீயளா," என்றார் சிஸ்டர் என்னிடம். "தேய்க்கிற கைக்கு வேலைதானே வேணும் அவங்களுக்கு? எண்ணெய் எதுவாயிருந்தா என்ன?"

இரண்டு வாரம் இருக்கும். ஒருநாள் மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தேன். கதவு சும்மா சாத்தியிருந்தது. உள்ளே சத்தமே இல்லை. அந்த வீட்டில் ஒரு வருஷமாக அப்படி ஒரு அமைதி இருந்ததில்லை. அழுகை, இல்லாவிட்டால் பறக் பறக் என்று சொறியும் சத்தம்.  செருப்பைக் கழற்றாமலே உள்ளே ஓடினேன். செல்வி தரையில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் குழந்தை. நகம் வெட்டிய இரண்டு கையும் விரிந்து கிடந்தன; ஒன்றும் கன்னத்தில் இல்லை. சமையற்கட்டில் மீன் குழம்புச் சட்டி, ஒரு வருஷத்துக்குப் பிறகு. நான் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தேன். அன்று சாயங்காலம் கடையைத் திறக்கவில்லை.

சித்திரைப் புழுக்கத்தில் கரப்பான் மறுபடி வந்தது. ஏமாற்றிவிட்டார்கள் என்ற முகத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். "போயிருச்சுன்னு நான் சொன்னேனா?" என்றார் சிஸ்டர். "இது மச்சான் மாதிரி. வரும், நாலு நாள் இருக்கும், போகும். வரும்போது நீங்க பதறக் கூடாது. வளர வளர வரத்துக் குறையும், அநேகமா." அந்த 'அநேகமா'வை அவர் விடவே மாட்டார். பொய்யான தைரியம் விற்காத ஒரே ஆளாக எனக்குப் பட்டார்.

ஒருநாள் அவராகவே கடைக்கு வந்து பொடி பாக்கெட்டைக் கையில் எடுத்தார்.

"இதை நிறுத்திறட்டுமா சிஸ்டர்?" என்றேன்.

"எதுக்கு? பெரியவங்க ஆசைப்பட்டா பூசிக்கிடட்டும். நல்லா வாசமாத்தான் இருக்கு. ஆனா இந்தப் பிள்ளை எதுக்கு இதுல சிரிக்குது?"

லேபிள் கட்டுக்கட்டாக அடித்து வைத்திருக்கிறேன், அது தீர்ந்ததும் மாற்றிவிடுகிறேன் என்றேன். நான் அப்படித்தான். அவர் கைப்பையிலிருந்து ஆஸ்பத்திரிப் பிளாஸ்திரி ஒன்றை எடுத்து, உறையைப் பிரித்து, படத்துக் குழந்தையின் முகத்தின்மேல் குறுக்காக ஒட்டினார். எல்லாருக்கும் தெரிகிற மாதிரி அதை முன்தட்டில் வைத்துவிட்டு, "கறிவேப்பிலை குடுங்க" என்றார்.

மறுநாளே லேபிளை மாற்றினேன். குழந்தை போய், கீழே ஒரு வரி வந்தது: கைக்குழந்தைகளுக்கு வேண்டாம். அதற்கப்புறம் எத்தனையோ தாய்மார்கள் அந்த வரியைப் பார்த்து ஏன் என்று கேட்டிருக்கிறார்கள். முழங்கை மடிப்பைக் காட்டச் சொல்லி, வேண்டியவர்களை சிஸ்டரிடம் அனுப்பியிருக்கிறேன். இதைப் படிக்கிறவர்களிலும் அப்படிப் போனவர்கள் உண்டு.

இறுதிச் சடங்குக்கு நாங்கள் மூவரும் போனோம். பொன்னிக்கு இப்போது பதினாலு வயது. தமிழைவிடப் பெங்காலிதான் சரளம். குளிர் தொடங்கும்போது மட்டும் முழங்கை மடிப்பில் லேசாகத் தலைகாட்டும். அவளே பார்த்துக்கொள்வாள், என்னைக் கேட்பதில்லை. திரும்பி வந்ததும் கடைக்கு வந்தாள்.

கல்லாவுக்குப் பின்னால் சுவரில் அந்தப் பிளாஸ்திரி பாக்கெட்டை ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன். சிஸ்டரிடமிருந்து எனக்கென்று இருப்பது அதுதான். அதுவும், பொடி கேட்டு வருகிறவர்களிடம் கொடுக்கும் முன் "யாருக்கு?" என்று கேட்கிற பழக்கமும். பிளாஸ்திரி பழுத்துப் பழுப்பாகிவிட்டது. பசை காய்ந்து ஓரம் ஒன்று தூக்கிக்கொண்டிருந்தது. கீழே குழந்தையின் சிரிப்பில் பாதி தெரிந்தது.

பொன்னி ஸ்டூல்மேல் ஏறி, கட்டைவிரலால் அந்த ஓரத்தை அழுத்தினாள். கொஞ்சநேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள். கையை எடுத்தபோது ஒட்டிக்கொண்டிருந்தது.