என்னைப் போல் இறுகிய புற்று

எனக்கு மார்பில் புற்றுநோய். மாதக்கணக்காக மருந்து ஏற்றியும் கட்டி கரையவில்லை. விழுங்குகிற புதுக் குளிசை ஒன்றையும் சேர்த்துப் பரிசோதித்துப் பார்க்கலாமோ என்று டொக்டர் கேட்டார். முடியாது என்று சொல்லிவிட்டு குவேக்கர்ஸ் ஹில்லில் இருக்கும் மகன் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மருமகள் புற்றுநோய் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறவள். கலியாண நாளிலிருந்தே எனக்கும் அவளுக்கும் ஒத்துவராது. குசினியில் சமைத்துக்கொண்டே கேட்டாள்.

"ஏன் மாமி வேண்டாமெண்டு சொன்னனீங்கள்?"

"நீர் எலிக்குக் குடுக்கிற மருந்தை எனக்கும் தீத்தப் பாக்கிறீரோ?"

அவள் அகப்பையைக் கீழே வைத்தாள். "ஏத்தின மருந்து புற்றுக் கலத்தின்ரை, அதுதான் செல்லின்ரை, டிஎன்ஏயை வெட்டுது. வெட்டினால் அது சாகவேணும். ஆனால் வெட்டு விழுந்த உடனை, கலத்தின்ரை தோலிலை இருக்கிற கொழுப்பிலை ஒரு நொதியம் வேலை செய்து, சாகாதை எண்டு உள்ளுக்குச் சேதி அனுப்புது. குளிசை அந்தச் சேதியை மறிக்கப் பாக்கும்."

"அடிபட்டும் சாகாதோ?"

"ஓம், உங்களைப் போலைதான். அடிச்சால் இன்னும் இறுகும்."

குசினி வாசலில் நின்ற மகன் தலையைக் குனிந்துகொண்டான். எனக்குக் கன்னம் சுட்டது. புருஷன் செத்தபோதும் ஊரில் வீடு எரிந்தபோதும் இறுகித்தான் இவனை வளர்த்தேன். அந்த வித்தையை என் நெஞ்சுக்குள் இருந்தே ஒன்று படித்துவிட்டதோ? அவள் மேல் வந்த கோபம் முழுக்க அந்தக் கட்டியின் மேல் திரும்பியது.

"நாளைக்கு என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போம்" என்றேன் அவளிடம்.

குளிசை விழுங்குகிறேன். கட்டி கேட்குமோ தெரியாது. மருமகளை இன்னும் எனக்குப் பிடிக்காது. ஆனால் எல்லோரும் என்னைப் பாவம் பார்த்த காலத்தில், அவள் ஒருத்திதான் என்னோடு சண்டை பிடித்தாள்.