டெல்பர்ட் தட்டிப் பார்க்காத கூரை

மேற்கு வர்ஜீனியாவின் நிலக்கரிச் சுரங்கத்தில் டெல்பர்ட் ஸ்டில்ட்னர் இருபத்தாறு வருஷம் பார்த்த வேலை, தலைக்கு மேலிருக்கும் பாறையை நம்பாமல் இருப்பது. இரும்புக் கம்பியால் கூரையைத் தட்டுவார். கணீரென்று கேட்டால் உள்ளே போகலாம். பொத்தென்று கேட்டால், கூரையைத் தாங்க மரமுட்டுக் கொடுக்காமல் யாரையும் ஓர் அடி வைக்க விடமாட்டார். மேனேஜரே அவசரப்பட்டாலும் வண்டை வண்டையாகத் திட்டு விழும்.

அப்படிப்பட்டவர் முதுகிலேயே ஒருநாள் பாறை விழுந்தது. ஆறு வாரத்துக்கென்று டாக்டர் எழுதிக்கொடுத்த வலி மாத்திரை ஒன்பது வருஷம் ஓடியது. ஆனாலும் அவர் போதைக்காரர் இல்லையாம். போதைக்காரன் என்றால் பெட்ரோல் பங்குக்குப் பின்னால் நின்று திருட்டுத்தனமாக மாத்திரை வாங்குபவன். இவருடையது டாக்டர் சீட்டில் பேர் போட்டு வாங்குவது! கேட்டவருக்கெல்லாம் சீட்டு எழுதிய அந்த டாக்டரைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனபின் இவரும் பெட்ரோல் பங்குக்குப் பின்னால்தான் வாங்கினார். சீட்டு மட்டும்தான் இல்லை, அவ்வளவுதானே?

ஞாயிறுதோறும் தேவாலயத்தில் எழுந்து சாட்சி சொல்வார்: "மன உறுதி இருந்தா எதையும் விட்டுறலாம்!" அவரே ஐந்து முறை விட்டிருக்கிறார். அவரைவிட அனுபவஸ்தர் யார்?

மார்ச் மாதம் மாத்திரை அளவு மீறிப்போய்க் குளியலறையில் உதடு நீலம் பாரித்துக் கிடந்தவரை மனைவி ரொவீனாதான் மூக்கில் மாற்று மருந்தடித்து எழுப்பினாள். மறுநாள் பெட்டியைக் கட்டினாள்.

"மாத்திரைப் பழக்கத்த விடவைக்கிற கிளினிக்குக்குப் போய் அவங்க குடுக்குற மருந்த நாக்குக்கடியில வையி. இல்லன்னா நான் ஒஹாயோவுக்கு, தங்கச்சி வீட்டுக்குக் கெளம்புறேன். இன்னொருவாட்டி ஒன்ன அப்படிப் பாக்க எனக்குத் தெம்பில்ல."

"ஒரு போதைய விட்டு இன்னொரு போதையா? எம் மண்டை பாறை மாதிரி இருக்குடி. வேணும்னா படம் எடுத்துப் பாரு!"

பல்கலைக்கழகத்தில் உண்மையிலேயே மூளையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். வலி மாத்திரைக்குப் பழகிப்போனவர்கள் தேவை என்று அறிவிப்பு. பந்தயம் போட்டார்கள்: படம் நன்றாக இருந்தால் ரொவீனா பெட்டியைப் பிரிக்க வேண்டும்; இல்லாவிட்டால் டெல்பர்ட் கிளினிக்குக்கு. படமெடுக்கும் எந்திரத்தின் சத்தம் சுரங்கத்தில் துளைபோடும் எந்திரத்தைப் போலவே இருந்ததால் மனிதர் உள்ளே சுகமாகத் தூங்கிவிட்டார்.

ஆராய்ச்சி செய்யும் மரிஸா படத்தைக் காட்டினாள். "ஒத்தப் படத்த வச்சு ஜோசியம் சொல்ல மாட்டேங்க. ஆனா மாத்திரை சாப்பிடாத உங்க வயசுக்காரங்களோட ஒப்பிட்டா, நெத்திக்குப் பின்னாடி, 'வேணாம், நிறுத்து'ன்னு சொல்ற இடம் மெலிஞ்சிருக்கு. ஆசையக் கெளப்புற பகுதியோட அதுக்கு இருக்குற தொடர்பும் பலவீனமா இருக்கு."

"மறுபடி தேறுமா?" என்று கேட்டாள் ரொவீனா.

"கொஞ்சம் தேறலாம். மாசக்கணக்கா, வருஷக்கணக்காக்கூட ஆகும். அதுவரைக்கும் தாங்கிப் பிடிக்கத்தான் மருந்து."

வண்டி ஊர் திரும்பும்வரை டெல்பர்ட் பொருமிக்கொண்டே வந்தார். "சின்னப் பொண்ணு, அவளுக்கு என்ன தெரியும்? மன உறுதியாலயே நான்..."

"எங்க இருக்கு அந்த உறுதி? அது குடியிருந்த இடந்தான் மெலிஞ்சு கெடக்குன்னு அவ சொல்றாளே!"

ரொவீனா வண்டியை ஓரங்கட்டினாள். விரல் முட்டியால் அவர் நெற்றியில் இரண்டு தட்டுத் தட்டினாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"பொத்துன்னு கேக்குது டெல்பர்ட். முட்டுக் குடுக்காம இதுக்கடியில நான் எப்படிக் குடித்தனம் பண்றது?"

இருபத்தாறு வருஷம் அவர் மற்றவர்களைத் திட்டிய திட்டு அது.

திங்கட்கிழமை காலை கிளினிக் வரிசையில் போய் நின்றார். முன்னால் தேவாலயப் பாடகர் குழுவில் பாதிப்பேர். பெருங்குரல்காரன் வெர்ஜில் திரும்பிப் பார்த்து நகர்ந்து இடம் விட்டான்.

"வாங்கண்ணே. உங்க சாட்சிக்கெல்லாம் சத்தமா ஆமென் போட்டது நாந்தான். இந்த மருந்த வச்சுக்கிட்டுத்தான் அங்கயும் வருவேன்."

டெல்பர்ட் வீடு திரும்பியபோது பீன்ஸும் சோளரொட்டியும் மேசையில் இருந்தன. பெட்டி கட்டியபடியேதான் கிடந்தது. ரொவீனா அதிலிருந்து வீட்டுச் செருப்பை மட்டும் எடுத்துக் காலில் போட்டிருந்தாள்.