அம்மா சொல்லாத வரி

நேற்று மாலை மழையில் வேளச்சேரி மொத்தமும் இருண்டது. இன்வெர்ட்டரும் கைவிட்டதும் மெழுகுவத்தி ஏற்றினேன். திரி கருகும் வாசனை வந்ததும் முழங்கால் லேசாக வலித்தது. சிறுவயதில் சாந்தோம் வீட்டின் சிமென்ட் தரையில் மெழுகுவத்தி முன் முழந்தாளிட்ட பழக்கம். உடம்பு சில விஷயங்களை மன்னிப்பதில்லை.

எங்கள் வீட்டில் தினமும் மாலையில் செபமாலை. விருந்தாளி வந்தாலும், கிரிக்கெட்டில் கடைசி ஓவர் ஓடினாலும் மாற்றமில்லை. பள்ளி ஆசிரியையான அம்மா, கர்த்தர் கற்பித்த செபத்தின் முதல் பாதியைச் சொல்வார். 'உம்முடைய சித்தம் செய்யப்படுவதாக' என்று அவர் முடித்ததும், அன்றாட உணவைக் கேட்கும் மறுபாதியை நாங்கள் எடுத்துக்கொள்வோம். பசி நேரம் என்பதால் எங்கள் பாதி கொஞ்சம் வேகமாகவே போகும்.

அண்ணனுக்கு இதய வால்வில் கோளாறு என்று தெரிந்து, ஆபரேஷனுக்கு நாள் குறித்த வாரம், அம்மா தன் பாதியின் அந்தக் கடைசி வரியை விட்டுவிட்டார். நான் அப்போதுதான் பத்திரிகையில் உதவி ஆசிரியராகச் சேர்ந்திருந்தேன். அச்சில் விடுபட்ட வரியைப் பிடிப்பது என் வேலை. (அலுவலகத்தில் என்னிடம் பிடிபடாமல் போனவை தனிக் கதை.) மறுநாளும் விட்டார். அப்பாதான் கேட்டார்.

"இன்னா டீச்சரம்மா, ஒரு வரிய முழுங்கிட்ட?"

"முழுங்கல. சொல்ல மாட்டேன்."

"சாமிகூட சண்டையா?"

"அவர் சித்தம் இன்னான்னு எனக்கு இன்னா தெரியும்? இவன கூட்டிக்கினு போறதா இருந்தா? அதுக்கு நானே சரின்னு சொல்லணுமா?"

கட்டிலில் படுத்திருந்த அண்ணன் சிரித்தான். "ஏம்மா, நீ சரின்னு சொல்லலன்னா சாமி கம்முனு போயிடுவாரா?"

"வாய மூடுடா. ஏற்கெனவே மூச்சு வாங்குது."

அந்த வாரம் அம்மா ஓர் இடத்தில் உட்காரவில்லை. பெருக்கிய கூடத்தையே மறுபடி பெருக்கினார். வேளாங்கண்ணிக்கு முடி, சின்னமலைக் கோயிலுக்கு மெழுகுவத்தி, பெசன்ட் நகர் மாதாவுக்குப் பட்டுப்புடவை என்று நேர்ந்துகொண்டே போனார். தட்டில் சோறு காய்ந்தது. அண்ணன் கண்ணயர்ந்தால் அவன் மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பார், அவன் திட்டுவான்.

ஆபரேஷனுக்கு முந்தின மாலை. செபம் அந்த இடத்துக்கு வந்தது. அம்மா நிறுத்தினார். வழக்கம்போல் விட்டுவிட்டார் என்று எங்கள் பாதியைத் தொடங்கிய அப்பாவைக் கைகாட்டித் தடுத்தார். அண்ணன் தலையைத் திருப்பி அம்மாவையே பார்த்தான். அம்மா அந்த வரியைச் சொன்னார். குரல் கரகரத்தது, சொற்கள் முழுதாக இருந்தன. எங்களுக்குத்தான் அடுத்த வரி உடனே வரவில்லை.

செபம் முடிந்து எழுந்தவர், "மீன் கொழம்பு மிச்சம் இருக்குதா?" என்று கேட்டார். தட்டு நிறையச் சாப்பிட்டார்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் அப்பா டீக்கடைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தார். நான் ஒரே செய்தித்தாளைத் திரும்பத் திரும்பப் பிரித்தேன். அம்மா உட்கார்ந்திருந்தார்.

"பயமா இல்லியாம்மா?" என்று கேட்டேன்.

"இல்லாம? ஆனா இவ்ளோ நாளு அவன நானே இறுக்கிப் புடிச்சிக்கினு கெடந்தேன்டா. கை வலிச்சுது. நேத்து அவர் கையில குடுத்துட்டேன்."

அண்ணன் பிழைத்தான். பிழைக்காமல் போயிருந்தால் அன்று மாலை அந்த வரி அம்மா வாயில் வந்திருக்குமா? கேட்க நினைத்துத் தள்ளிப்போட்டேன். அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தக் கேள்வியோடு நான்தான் இன்னும் இருப்புக் கொள்ளாமல் அலைகிறேன்.

சாந்தோம் வீடு இருந்த இடத்தில் அடுக்ககம். அண்ணன் கோவையில். நான் சில மாலைகளில் கைபேசியில் செபமாலையைப் போட்டுவிட்டு உட்காருகிறேன். பதிவு செய்த பெண் குரல், பிசிறில்லாத உச்சரிப்பு. எந்த வரியிலும் அது நிற்பதில்லை.