மீன் பெட்டியில் பிழைத்த பெப்டைடு

என் சித்தப்பா மகள் மேகலா பட்டினப்பாக்கத்தில் பிறந்தவள். அடையாற்றில் ஓர் ஆய்வகத்தில் பதினோரு ஆண்டுகளாக உதவியாளராக இருக்கிறாள். குடுவைகளைக் கழுவுவதும் ஃப்ரீசர்களின் வெப்பநிலையைக் குறித்து வைப்பதும் அவள் வேலை. சென்ற கார்த்திகையில் நடந்ததை அவளிடமும் ஆஃப்ரீனிடமும் தனித்தனியே கேட்டுச் சரிபார்த்த பிறகே எழுதுகிறேன்.

ஆஃப்ரீன் அங்கே முனைவர் பட்டத்துக்காக ஆய்வு செய்பவள். உண்ட உணவை உடலின் செல்களுக்குள் ஆற்றலாக மாற்றுவது மைட்டோகாண்ட்ரியா. அதிலுள்ள ஒரு நொதியின் வேகத்தைக் குறைக்கும் என்று அவள் நம்பிய பெப்டைடு என்னும் சிறு புரதத் துண்டு, நான்கு மாதக் காத்திருப்புக்குப் பின் வந்திருந்தது. மருந்தன்று; ஆராய்ச்சிக்கு மட்டுமே உரியது. சிறு குப்பியின் அடியில் ஒட்டியிருந்த வெண்பொடி, அவ்வளவுதான். ஃப்ரீசரின் குளிர் போய் அது கெட்டால் அவளுடைய கடைசிச் சோதனை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போகும்.

அந்தச் சனிக்கிழமை மழையில் மின்சாரம் போயிற்று, ஜெனரேட்டரும் இயங்கவில்லை. ஆஃப்ரீன் வடபழனியில் தோழியின் திருமணத்தில் இருந்தாள். மேகலா செய்தி சொன்னதும் தொலைபேசியிலேயே அழத் தொடங்கினாளாம். அழுகை ஓயும்வரை மேகலா காத்திருக்கவில்லை. மீன் கடையில் இருந்த தன் தாய் பச்சையம்மாவை அழைத்தாள்.

அரை மணி நேரத்தில் பச்சையம்மா ஆட்டோவில் வந்து இறங்கினார். மீன் பெட்டி நிறைய உடைத்த ஐஸ், ஒரு பை கல்லுப்பு. வாயிற்காவலர் சுப்புராயன் மறித்தார்.

"இன்னா பச்சையம்மா, விஞ்ஞானிங்களுக்கு வஞ்சிரமா?"

"வழிய வுடு நைனா, ஐஸு கரைஞ்சிகினு கீது."

ஐஸ் ஒரு வரிசை, உப்பு ஒரு வரிசை என்று, மீன் விற்காமல் தங்கும் நாள்களில் அடுக்குவதைப் போலவே அடுக்கினார். உப்பு சேர்ந்தால் ஐஸின் குளிர் இன்னும் இறங்கும். நீர் புகாதபடி உறையிலிட்ட குப்பியை எவர்சில்வர் தூக்கில் வைத்து நடுவே புதைத்தார்கள். வெப்பமானி பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டைக் காட்டியது.

பட்டுச் சேலையோடு ஓடிவந்த ஆஃப்ரீன், பொடி நன்றாக இருக்கிறதா என்று பார்க்கக் குப்பியை எடுத்து மூடியில் கைவைத்தாள். குளிர்ந்த குப்பியைத் திறந்தால் காற்றின் ஈரம் உள்ளே படிந்துவிடும். மேகலா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, ஒரே ஒரு தடவ பாத்துடறேன்."

"தொறந்தே, உன்னையும் ஐஸுல வெச்சிடுவேன். சில்லுனு இருக்கச்சே குப்பிய தொறக்காதேன்னு ஃப்ரீசர் கதவுல எழுதி ஒட்டுனதே நீதானே?"

மாலையில் மின்சாரம் திரும்பியது. திங்கட்கிழமை, குப்பி அறையின் வெப்பத்துக்கு வரும்வரை பொறுத்திருந்து ஆஃப்ரீன் சோதனையைத் தொடங்கினாள். வியாழன்வரை மூன்று முறை செய்து பார்த்தாள். மூன்று முறையும் நொதியின் வேகம் குறைந்தது. அன்றே பட்டினப்பாக்கம் போய், கடையில் நின்றபடியே பச்சையம்மாவிடம் அதைச் சொன்னாள்.

பச்சையம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "அத்த ஸ்லோ ஆக்கறதுக்கா என்னிய இவ்ளோ ஸ்பீடா வரச் சொன்னீங்க?"